சார்ப்ரூக்கன்: எல்லைக் கோடு நகர்ந்துகொண்டே இருந்த ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்ப்ரூக்கனுக்குப் படிக்கவும் வேலைக்கும் வரும் நம்மவர்கள், அவர்களைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள் எல்லாரும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அரண்மனை மேட்டில் நின்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இது ஜெர்மனியா, பிரான்ஸா?

ஜெர்மனி. சார்லாந்து என்ற மாநிலத்தின் தலைநகர். ஊரில் சுமார் 1,80,000 பேர். மாநிலம் முழுவதும் சேர்த்தால் பத்து லட்சம் சொச்சம். மாநிலத்தின் பரப்பு 2,570 சதுர கிலோமீட்டர்தான்.

ஆனால் கேள்வி நியாயமானதே. ஊரின் தெற்கு விளிம்பிலேயே பிரான்ஸ் எல்லை. 1997 முதல் ஓடும் டிராம் வண்டி ஒன்று எல்லையைத் தாண்டி சார்கெமின் என்ற பிரெஞ்சு ஊர் வரை போகிறது. பாரிஸுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பெர்லினுக்குப் போக அதைவிட எத்தனையோ மடங்கு பொறுமை வேண்டும். 'சார்' என்பது ஆற்றின் பெயர். நாம் கண்டக்டரைக் கூப்பிடும் சார் இல்லை.

'ப்ரூக்' என்றால் பாலம்தானே? அப்போ 'சார் ஆற்றுப் பாலம்' என்றுதானே பெயர்?

கேட்டவுடன் அப்படித்தான் தோன்றும். சிக்கல் என்னவென்றால், 999ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றிலேயே 'சாராப்ருக்கா' என்று பெயர் வந்துவிடுகிறது. மூன்றாம் ஓட்டோ பேரரசர் இங்கிருந்த கோட்டையை மெட்ஸ் நகர ஆயருக்குக் கொடுத்த பத்திரம் அது. இன்று 'பழைய பாலம்' என்று காட்டப்படும் கல் பாலம் கட்டப்பட்டதோ 1546-இல். ஐந்தாம் சார்லஸ் பேரரசர் வந்தபோது ஆற்றில் வெள்ளம்; கடக்க முடியாமல் நிற்க நேர்ந்தது, அதன் பிறகுதான் பாலம் எழும்பியது. ரோமானியர் காலத்திலேயே இங்கே ஒரு பாலம் இருந்தது, ஆனால் பெயர் அதிலிருந்து வந்ததா, கோட்டை நின்ற பாறையிலிருந்து வந்ததா என்று மொழி அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

முதலில் இந்த ஊரை ஆண்டது யார்?

ரோமானியக் குடியிருப்பை விட்டுவிட்டால், ஆயருக்குக் கட்டுப்பட்டு ஆரம்பித்த உள்ளூர்ப் பிரபுக்கள்தான் ஆண்டார்கள். 1322-இல் ஆற்றின் இரு கரையிலும் இருந்த சார்ப்ரூக்கன், சாங்க்ட் யோஹான் என்ற இரண்டு ஊர்களுக்கும் நகர உரிமை கிடைத்தது. ஆண் வாரிசு இல்லாமல் போனதால் 1381-இல் ஆட்சி நாசாவ் வம்சத்துக்குப் போய், பிரெஞ்சுப் புரட்சி வரை அவர்களிடமே இருந்தது. நடுவில் பதினான்காம் லூயி வந்து 1680 முதல் 1697 வரை இந்தப் பக்கத்தைப் பிரான்ஸோடு சேர்த்துக்கொண்டார். ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள சார்லூயி என்ற ஊர் அவர் கட்டிய கோட்டை நகரம். பெயரிலேயே லூயி உட்கார்ந்திருக்கிறார்.

நிலக்கரி எப்போது வந்தது?

கரி எப்போதும் இருந்தது. சில இடங்களில் மண்ணைக் கொஞ்சம் கிளறினாலே தெரியும். குடியானவர்கள் தங்கள் வசதிக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 1741-இல் பட்டத்துக்கு வந்த இளவரசர் வில்ஹெல்ம் ஹைன்ரிஷ்தான் அதைக் கணக்கில் எடுத்தவர். 1750களின் தொடக்கத்தில் குழிகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார். அந்த வருமானமும் போதாமல் வாங்கிய கடனும் சேர்ந்துதான் ஊரின் பரோக் அழகு, அதாவது அந்தக் காலத்து ஆடம்பரக் கட்டடப் பாணி. ஷ்டெங்கல் என்ற கட்டடக் கலைஞர் அரண்மனையையும், 1775-இல் முடிந்த லுட்விக் தேவாலயத்தையும் கட்டினார்.

ஊருக்கு வெளியே டூட்வைலர் பக்கம் 'எரியும் மலை' என்று ஒரு இடம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பற்றிக்கொண்ட கரிப் படுகை, இன்னும் உள்ளே புகைந்துகொண்டிருக்கிறது. 1770-இல் மாணவராக இருந்த கவிஞர் கதே இங்கே வந்து பார்த்துவிட்டு எழுதியும் இருக்கிறார். குளிர்காலத்தில் போங்கள், பாறை இடுக்கில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். எரிமலையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

நெப்போலியன் காலத்தில் இது பிரான்ஸாக இருந்ததா?

இருந்தது. 1793-இல் புரட்சிப் படை வந்தது, இளவரசர் ஓடினார், அரண்மனை எரிந்தது. அப்புறம் ரைன் ஆற்றின் இடது கரை முழுவதும் பிரான்ஸின் பகுதி. பிரெஞ்சு ஆட்சி இந்த ஊருக்குச் செய்த பெரிய காரியம் கரியை முறையாகப் படித்ததுதான். பக்கத்தில் கைஸ்லாவுடர்ன் என்ற இடத்தில் ஒரு சுரங்கப் பள்ளி தொடங்கினார்கள், பொறியாளர்கள் படுகை படுகையாக வரைபடம் போட்டார்கள்.

1814-இல் நெப்போலியன் தோற்ற பிறகும் முதல் பாரிஸ் உடன்படிக்கை சார்ப்ரூக்கனைப் பிரான்ஸிடமே விட்டுவைத்தது. வாட்டர்லூவுக்குப் பிறகு 1815 நவம்பரில் எழுதிய இரண்டாவது உடன்படிக்கையில்தான் கை மாறியது. பழைய நாசாவ் வம்சத்துக்குத் திரும்பவில்லை, பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்குப் போனது.

பிரஷ்யா எங்கே, இது எங்கே? அவர்களுக்கு இந்த மூலையில் என்ன வேலை?

முந்தைய பதிலில் சொன்ன வரைபடங்கள்தான் வேலை. எல்லையைக் காக்க ஒரு காவல் இடமும் வேண்டியிருந்தது, கரியும் வேண்டியிருந்தது. சுரங்கங்கள் பெரும்பாலும் பிரஷ்ய அரசின் நேரடிச் சொத்து. 1852-இல் ரயில் பாதை வந்ததும் கரி தெற்கேயும் மேற்கேயும் பாய ஆரம்பித்தது. 1856-இல் புர்பாக் இரும்பாலை. 1873-இல் ஃபோல்க்லிங்கன் ஆலை.

இந்தக் காலத்தைப் பற்றி யாரும் கேட்காத, ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. சுரங்கத் தொழிலாளிகள் பெரும்பாலும் நகரத்துக்குக் குடிபெயரவில்லை. கிராமத்தில் துண்டு நிலம், வீட்டில் ஒரு ஆடு. அந்த ஆட்டுக்குச் 'சுரங்கக்காரன் பசு' என்று பட்டப்பெயர். திங்கள் விடியலுக்கு முன்பே மணிக்கணக்கில் நடந்து சுரங்கத்துக்கு வருவார்கள். வாரம் முழுவதும் 'உறங்கு வீடு' என்ற பொதுக் கொட்டகையில் படுப்பார்கள். சனிக்கிழமை மறுபடி நடை. அவர்களைக் 'கடுங்கால்காரர்கள்' என்று அழைத்தார்கள். 1840களிலிருந்து சுரங்க நிர்வாகம் வீடு கட்ட மானியமும் வட்டியில்லாக் கடனும் கொடுத்தது. நல்ல மனம் மட்டும் காரணமில்லை. கடன் இருப்பவன் வேலையை விட்டு ஓடமாட்டான் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் விளைவு நின்றது: ஜெர்மன் மாநிலங்களிலேயே சொந்த வீட்டில் வாழ்பவர்களின் விகிதம் இன்றும் சார்லாந்தில்தான் அதிகம்.

முதலாளிகள் ரொம்பக் கடுமையானவர்களாமே?

பக்கத்து ஊரான நோய்ன்கிர்ஷனின் இரும்பாலை அதிபர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஷ்டும்மை 'ராஜா ஷ்டும்' என்றே அழைத்தார்கள். அவரிடம் வேலை செய்பவன் கல்யாணம் செய்யவும் அவர் அனுமதி வாங்க வேண்டும். எந்தப் பத்திரிகை படிக்கலாம், எந்தக் கட்சி கூடாது என்பதும் அவர் முடிவு. மருத்துவம், வீடு, ஓய்வூதியம் எல்லாம் கொடுத்தார். எதிர்த்துப் பேச மட்டும் இடம் கொடுக்கவில்லை. பாலைவன சுல்தான் ஆட்சி போல இருக்கிறதே என்று ஜெர்மனியின் மற்ற பகுதிக்காரர்கள் இந்த வட்டாரத்துக்கு 'சாராபியா' என்று பெயர் வைத்தார்கள்.

பழைய ஊர், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்டேஷன் பக்கம் எல்லாம் வேறு வேறு ஊர் மாதிரி இருக்கிறதே?

வேறு வேறு ஊர்கள்தான். சார்ப்ரூக்கன், சாங்க்ட் யோஹான், தொழிலாளர் நகரமான மால்ஷ்டாட்-புர்பாக் மூன்றும் 1909 ஏப்ரல் 1 அன்றுதான் ஒன்றாயின. சேர்த்த அன்றே மக்கள்தொகை 1,00,000-ஐத் தாண்டியது. நகரத்துக்குப் பெயர் கொடுத்தது அரண்மனை இருந்த கரை. கடைத்தெருவும் ரயில் நிலையமும் மற்ற கரை.

முதல் உலகப் போருக்குப் பிறகு பன்னாட்டுச் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஆண்டது என்கிறார்கள். ஒரு சங்கம் எப்படி ஊரை ஆளும்?

வடபிரான்ஸின் சுரங்கங்களைப் பின்வாங்கிய ஜெர்மன் படை நாசம் செய்திருந்தது. அதற்கு ஈடாக சார் பகுதியையே கேட்டார் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ. அங்கே 1,50,000 பிரெஞ்சுக்காரர்கள் இருக்கிறார்கள் என்றும் வாதாடினார். அமெரிக்க அதிபர் வில்சன் ஒப்புக்கொள்ளவில்லை. சமரசம் இப்படி: சுரங்கங்கள் பிரான்ஸுக்குச் சொந்தம், ஆட்சி 15 ஆண்டுக்குப் பன்னாட்டுச் சங்கத்திடம், பிறகு மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும்.

1920 முதல் ஐந்து பேர் கொண்ட ஆணையம் ஆண்டது. ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் உள்ளூர்க்காரர், மூவர் வேறு நாட்டவர். தனி அஞ்சல் தலை இருந்தது. 1923 முதல் பிரெஞ்சு ஃபிராங்க் மட்டுமே செல்லும் பணம். அதே ஆண்டு சுரங்கத் தொழிலாளர்கள் நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்க நிர்வாகம் பிரெஞ்சுப் பள்ளிகளை நடத்தி, பிள்ளைகளை அங்கே சேர்க்கச் சொல்லித் தொழிலாளிகளை நெருக்கியதும் கசப்பைக் கூட்டியது.

1935-இல் ஹிட்லர் ஆட்சி என்று தெரிந்தும் 90 சதவீதம் பேர் ஜெர்மனிக்கு ஓட்டுப் போட்டார்களே, ஏன்?

1935 ஜனவரி 13 வாக்கெடுப்பின் கணக்கு: ஜெர்மனிக்கு 90.7 சதவீதம், பன்னாட்டுச் சங்க ஆட்சியே தொடர 8.9, பிரான்ஸுக்கு 0.4. கிளெமான்சோ சொன்ன 1,50,000 பேர் எங்கே போனார்களோ. பிரான்ஸுக்கு விழுந்தவை ஏறத்தாழ 2,100 ஓட்டு. பிரிட்டன், இத்தாலி, சுவீடன், நெதர்லாந்து படைகள் காவல் இருந்ததால் எண்ணிக்கையில் மோசடி நடந்தது என்று சொல்ல முடியாது.

மொழி ஜெர்மன், உறவு அங்கே, பாதிரியார்கள் 'தாய்நாட்டுக்கு' என்றார்கள், வேலையின்மை கொடுமையாக இருந்தது, நாஜி மிரட்டலும் தெருவில் இருந்தது. சுரங்க நிர்வாகம் நடத்திய பிரெஞ்சுப் பள்ளிகளின் நினைவுகள் வேறு. பலர் ஹிட்லருக்காக அல்ல, ஹிட்லர் இருந்தும் வாக்களித்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. 1935-இல் ஜெர்மனியில் என்ன நடக்கிறது என்பதை இங்கே தஞ்சம் வந்தவர்கள் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்க விருப்பமில்லாதவர்களும் நிறையப் பேர். அப்படி எதிர்த்துப் பிரசாரம் செய்த இளம் கம்யூனிஸ்டுகளில் ஒருவர் இந்த மண்ணில் பிறந்த எரிக் ஹோனெக்கர், பின்னாளில் கிழக்கு ஜெர்மனியின் தலைவர். தோற்றதும் அவரைப் போலப் பலர் பிரான்ஸுக்குத் தப்பினார்கள். சுரங்கங்களை ஜெர்மனி 90 கோடி ஃபிராங்குக்குத் திரும்ப வாங்கியது.

போரில் ஊர் என்ன ஆனது?

1939 செப்டம்பரில் எல்லை மக்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். 1944 அக்டோபர் 5 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பெரும் பகுதியை அழித்தன. ஊர் எல்லையில், நோயே பிரெம் என்ற இடத்தில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் சிறை முகாம் இருந்தது; இன்று நினைவிடம். ஃபோல்க்லிங்கன் ஆலையில் போர்க் காலத்தில் சுமார் 12,000 பேர் கட்டாய வேலை செய்தார்கள். அதன் முதலாளி ஹெர்மன் ரோஷ்லிங் போருக்குப் பின் போர்க் குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டார்.

1947-இல் இது தனி நாடா?

தனி நாடு மாதிரி. சொந்த அரசியல் சட்டம், சொந்தக் குடியுரிமை, யோஹான்னஸ் ஹோஃப்மன் என்ற சொந்தப் பிரதமர். ஆனால் பணம் பிரெஞ்சு ஃபிராங்க், சுங்க எல்லை பிரான்ஸோடு, வெளிநாட்டு உறவும் பாதுகாப்பும் பாரிஸ் கையில். சுரங்கங்களும் பிரெஞ்சு நிர்வாகத்தில். ஜெர்மனியோடு சேர வேண்டும் என்று கேட்கும் கட்சிகளுக்கு 1955 வரை அனுமதியில்லை. நம் பிள்ளைகள் படிக்கும் பல்கலைக்கழகம் இந்தக் காலத்து வரவு: பிரெஞ்சு நகரமான நான்சியின் பல்கலைக்கழக ஆதரவில் 1948-இல் தொடங்கியது.

சார்லாந்து கால்பந்து உலகக் கோப்பைக்கே ஆடியதாமே, நிஜமா?

நிஜம். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் தனி அணி. 1954 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நார்வேயும் மேற்கு ஜெர்மனியும் ஒரே பிரிவில். நார்வேயைத் தாண்டி இரண்டாவதாக வந்தது சார்லாந்து. ஜெர்மனியிடம் ஸ்டுட்கார்ட்டில் 0-3, சொந்த ஊரில் 1-3. அந்த ஜெர்மனிதான் அந்த ஆண்டு கோப்பையை வென்றது. சார்லாந்தின் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன் பிறகு மேற்கு ஜெர்மனிக்குப் பயிற்சியாளராகி 1974-இல் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

அதைவிடச் சுவையானது உள்ளூர்க் கிளப்பின் கதை. 1948-49 பருவத்தில் பிரான்ஸின் இரண்டாம் பிரிவில் விருந்தாளியாக ஆடி முதலிடத்தில் முடித்தது. ஆனாலும் பிரெஞ்சு லீக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. 1955-இல் முதல் ஐரோப்பியக் கோப்பையில் மிலான் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 4-3 என்று தோற்கடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து 1-4 என்று தோற்றது. இந்த ஊர்க்காரரோடு பேச்சு வளர்க்க இந்த ஒரு தகவல் போதும்.

1955-இல் மறுபடி வாக்கெடுப்பு. 'ஐரோப்பியப் பகுதி'யாக இருக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டார்களே! 1935 மாதிரியே தானே?

மாதிரி தெரியும், கேள்வி வேறு. 1955-இல் ஜெர்மனியா பிரான்ஸா என்று கேட்கவே இல்லை. சார்லாந்தை 'ஐரோப்பியப் பகுதி'யாக்கும் 'சார் சாசனம்' என்ற ஏற்பாட்டை ஏற்கிறீர்களா, ஆமா இல்லையா என்றுதான் சீட்டில் இருந்தது. சாசனத்தில் கையெழுத்திட்ட மேற்கு ஜெர்மன் பிரதமர் (சான்சலர்) அடினாவரே 'ஆமா' போடுங்கள் என்றார். அக்டோபர் 23 அன்று 67.7 சதவீதம் பேர் 'இல்லை' என்றார்கள்.

'குண்டன் போகணும்' என்பது எதிர்த்தரப்பின் கோஷம். உடல் பெருத்த ஹோஃப்மனைச் சொன்னது. அவர் அன்றிரவே பதவி விலகினார். எட்டு ஆண்டு வாய் மூடி இருக்கச் சொன்ன கோபம், எல்லைக்கு அந்தப் பக்கம் மேற்கு ஜெர்மனி கண் முன்னே செழித்துக்கொண்டிருந்தது, இரண்டும் சேர்ந்து ஓட்டாக விழுந்தன. ஐரோப்பா வேண்டாம் என்று சொன்ன ஓட்டு என்று இதைப் படிப்பது தவறு. 1935 ஓட்டோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் பாருங்கள்: இந்த முறை 'இல்லை' என்றதும் யாரும் ஊரை விட்டு ஓட வேண்டியிருக்கவில்லை. பிரான்ஸும் முடிவை மதித்தது.

சும்மா விட்டுக்கொடுத்தார்களா?

இல்லை, விலை பேசித்தான். 1956 லக்ஸம்பர்க் உடன்படிக்கையில் மோசல் ஆற்றைப் பெரிய படகுகள் போகும்படி கால்வாயாக்க ஜெர்மனி சம்மதித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் உள்ள லொரேன் பகுதியின் எஃகாலைகளுக்கு அது பெரிய வசதி. எல்லையை ஒட்டிய வார்ன்ட் பகுதியில் கரி எடுக்கும் உரிமையும் பிரான்ஸுக்கு நீடித்தது. 1957 ஜனவரி 1 அன்று சார்லாந்து அரசியல் ரீதியாக ஜெர்மனியில் சேர்ந்தது. ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழியாக. 1990-இல் கிழக்கு ஜெர்மனியும் அதே பிரிவில்தான் நுழைந்தது. ஹோனெக்கரின் நாடு ஹோனெக்கரின் ஊர் திறந்த கதவு வழியாக உள்ளே போனது என்று சொல்லலாம்.

அப்போ ஒரு ஆள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை பணம் பார்த்திருப்பார்?

1910-இல் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். பேரரசின் மார்க், 1923 முதல் ஃபிராங்க், 1935-இல் ரைஷ்மார்க், 1947 கோடையில் சில மாதம் 'சார் மார்க்', நவம்பரில் மறுபடி ஃபிராங்க், 1959 ஜூலை 6 முதல் டாய்ச் மார்க். நடுவில் 1954-இல் 'சார்லாந்து' என்று ஜெர்மனில் அச்சிட்ட ஃபிராங்க் நாணயங்கள் வேறு. 1957-இல் சேர்ந்துவிட்டார்களே, பணம் ஏன் 1959-இல் என்று கேட்பார்கள். பொருளாதார மாற்றத்துக்கு இடைவெளி விட்டார்கள். எந்த நாள் என்பதை ரகசியமாக வைத்திருந்ததால் மக்கள் அதை 'எக்ஸ் நாள்' என்றார்கள்.

இவ்வளவு சண்டை போட்ட சுரங்கத்தை ஏன் மூடினார்கள்?

ஜெர்மனியில் சேர்ந்த மறு ஆண்டே, 1958-இல், கரிக்கு நெருக்கடி தொடங்கியது. எண்ணெயும் இறக்குமதிக் கரியும் மலிவு. அப்போது சுரங்கங்களில் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள், ஒவ்வொன்றாக மூடினார்கள். 1962 பிப்ரவரி 7 அன்று லூயிசன்டால் சுரங்கத்தில் வெடிப்பு. 299 பேர் இறந்தார்கள். 1990களில் கோட்டல்போர்ன் சுரங்கத்தில் ஆட்களையும் கரியையும் ஏற்றி இறக்க 90 மீட்டர் உயரத்துக்குப் புதிய கோபுரம் கட்டி, 2000-இல் அந்தச் சுரங்கத்தையே மூடினார்கள். வெள்ளையாகப் பளபளவென்று இன்னும் நிற்கிறது.

முடித்து வைத்தது நிலநடுக்கம். சுரங்கம் வெட்டிய வெற்றிடத்தால் 2008 பிப்ரவரி 23 அன்று 4.0 அளவில் பூமி குலுங்கியது. சார்வெல்லிங்கன் தேவாலயக் கோபுரத்திலிருந்து கற்கள் விழுந்தன. உள்ளே ஆளில்லாத நேரம். சுரங்கத்தை ஆதரித்தவர்களும் அதற்குப் பிறகு வாதாடவில்லை. 2012 ஜூன் 30 அன்று கடைசி வண்டிக் கரி மேலே வந்தது. உள்ளே நிரம்பும் தண்ணீரை இறைக்கும் செலவு மட்டும் தொடர்கிறது.

ஃபோல்க்லிங்கன் ஆலையைப் பார்க்கலாமா? அது சார்ப்ரூக்கனிலா?

தனி ஊர், ஆற்றோடு பத்து கிலோமீட்டர் கீழே. ரயிலில் பத்து நிமிடம். இது ஏன் இங்கே தழைத்தது என்பதற்கு விடை 1879-இல் இருக்கிறது. லொரேன் இரும்புத் தாதில் பாஸ்பரஸ் அதிகம். நல்ல எஃகு வராது. அந்த ஆண்டு டாமஸ் முறை வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. தாது தெற்கிலிருந்து, கரி காலடியில். 1881-இல் ரோஷ்லிங் குடும்பம் நொடித்துப்போயிருந்த ஆலையை வாங்கியது. 1965-இல் 17,000-க்கு மேல் தொழிலாளர்கள். 1986-இல் இரும்பு உருக்கும் ஊதுலைகள் அணைந்தன, 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஆறு ஊதுலைகளும் வரிசையாக, துரு நிறத்தில். அரை நாள் ஒதுக்குங்கள், வழுக்காத செருப்புப் போடுங்கள், படி நிறைய.

கரியும் இல்லை, ஊதுலையும் இல்லை. இப்போது ஊர் எதில் ஓடுகிறது?

எஃகு முற்றிலும் போகவில்லை. டில்லிங்கனிலும் ஃபோல்க்லிங்கனிலும் இன்னும் உருட்டுகிறார்கள். சார்லூயியில் 1970-இல் தொடங்கிய ஃபோர்டு கார் ஆலை பல சுரங்கக் குடும்பங்களுக்கு அடுத்த வேலையாக இருந்தது. சார்ப்ரூக்கனில் இப்போது பெயர் சொல்லும் தொழில் கணினி அறிவியல். மாக்ஸ் பிளாங்க் தகவலியல் நிறுவனமும் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையமும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே. நம் பிள்ளைகள் இந்த ஊருக்கு வருவதே அதனால்தான்.

கடைசியாக: இவர்கள் மனசுக்குள் ஜெர்மன்காரர்களா, பிரெஞ்சுக்காரர்களா?

1935-ஐயும் 1955-ஐயும் படித்துவிட்டு இதைக் கேட்டால் ஜெர்மன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பார்த்தால் 'சலூ' என்று பிரெஞ்சு வணக்கத்தைத் திரித்துச் சொல்வார்கள், நடைபாதைக்கு 'ட்ரொட்டுவார்' என்பார்கள், ஊரின் பெருமைக்குரிய சாசேஜுக்குப் பிரெஞ்சு நகரமான லியோனின் பெயர். 2043-க்குள் பிரெஞ்சை இரண்டாவது புழக்க மொழியாக்குவோம் என்று மாநில அரசு 2014-இல் அறிவித்தது.

நேரில் இதைக் கேட்டால் 'நாங்கள் சார்லாந்துக்காரர்கள்' என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றுவார்கள். 'முக்கியம் என்ன, நல்லாச் சாப்பிட்டோமா என்பதுதான்' என்பது இவர்களின் சொலவடை. கேள்வியை விட்டுவிட்டுத் தட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கு டிப்பலாபஸில்கூடப் பன்றிக் கொழுப்பு இருக்கும்.